மருந்துக்கடையிலிருந்து மருத்துவகத்திற்கு: இங்கிலாந்தில் சிகிச்சைசார் மருந்தாளுநர் பணி உருவான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நோயைக் கணித்து மருந்து எழுதுபவர் ஒருவர், அம்மருந்தை அளந்து வழங்குபவர் மற்றொருவர் என்னும் பிரிவு இங்கிலாந்தில் மூன்று நூற்றாண்டுகளில் படிப்படியாக உருவானது. அப்பிரிவு நிலைபெற்றபின், மருந்துகளைக் கற்றறிந்தவர் நோயாளியிடமிருந்தும் நோயாளியின் மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் விலகி நிற்க நேர்ந்தது. கடந்த முப்பது ஆண்டுகளில் பொது மருத்துவகங்களில் இடம்பெறத் தொடங்கிய சிகிச்சைசார் மருந்தாளுநர் இவ்விலகலைக் குறைக்க முயல்பவர். இப்பணி மருத்துவர் பற்றாக்குறையால் மட்டும் தோன்றியதன்று. மருந்து பற்றிய அறிவுக்கு, மருந்து விற்பனையிலிருந்து வேறுபட்ட ஊதியம் வழங்கப்பட்டபோதே இது நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இப்பணியின் பயன் குறித்த ஆய்வுகள் தரும் மாறுபட்ட முடிவுகளும், தமிழ்ச் சூழலோடு இவ்வரலாறு கொண்டுள்ள தொடர்பும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிகிச்சைசார் மருந்தாளுநர், பொது மருத்துவகம், அப்போதிக்கரி, தொடர் மருந்துச் சீட்டு, மருந்துச் சீராய்வு, மருந்துப் பிழை.

முன்னுரை

மருத்துவ வரலாறு பெரும்பாலும் நோய்களின் வரலாறாகவோ புதிய மருந்துகளின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. ஒரு மருந்து எழுதப்பட்ட கணத்திற்கும் அது நோயாளியின் உடலிற்குள் செல்லும் கணத்திற்கும் இடையே யார் யார் நிற்கின்றனர், அவர்களுள் யாருக்கு எந்தப் பொறுப்பு உண்டு என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. ஆயினும், மருந்தினால் விளையும் தீங்குகளுள் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு மரணம் இதற்குத் தக்க சான்றாகும். முடக்குவாதத்திற்கு வழங்கப்படும் மெதோட்ரெக்சேட்டு என்னும் மருந்து வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே உட்கொள்ளத்தக்கது. கேம்பிரிட்ஜ்சயர் பகுதியைச் சேர்ந்த நோயாளி ஒருவர் அதனை நாள்தோறும் உட்கொள்ள நேர்ந்து அவ்வாண்டு ஏப்ரலில் உயிரிழந்தார். அது குறித்து நடைபெற்ற விசாரணை, தவற்றை ஒருவர்மீது மட்டும் சுமத்தவில்லை. அம்மருந்துச் சீட்டு பலருடைய கைகளைக் கடந்து சென்றிருந்தும் பிழை உரிய காலத்தில் தடுக்கப்படவில்லை என்பதே அதன் சாரம்.

ஒவ்வொருவரும் தம் பணியை மட்டும் நோக்க, முழுமையை நோக்குவதற்கு ஒருவரும் இல்லாத இந்நிலை எவ்வாறு உருவானது? அதனைச் சரிசெய்ய மருந்தாளுநரையே பொது மருத்துவகத்திற்குள் அமர்த்தும் முடிவு எவ்வாறு எட்டப்பட்டது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் அணுகுகிறது. கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் என்று வழங்கப்படும் பணியாளர் இங்குச் சிகிச்சைசார் மருந்தாளுநர் என்றும், குடும்ப மருத்துவர்கள் பணிபுரியும் நிலையம் பொது மருத்துவகம் என்றும் குறிக்கப்படுகின்றனர்.

அப்போதிக்கரியும் ஊதியச் சிக்கலும்

பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் மருந்து தயாரித்து விற்றவர்கள் அப்போதிக்கரிகள் எனப்பட்டனர். தொடக்கத்தில் மளிகை வணிகர் குழுமத்தின் ஒரு பிரிவாக இருந்த இவர்கள், 1617ஆம் ஆண்டு முதலாம் ஜேம்ஸ் மன்னரின் பட்டயத்தால் தனிச் சங்கமாயினர். பல்கலைக்கழகக் கல்வி பெற்ற மருத்துவர் நோயைக் கணித்து மருந்தை எழுத, அப்போதிக்கரி அதனைத் தயாரித்துக் கொடுப்பார் என்பதே அக்கால ஏற்பாடு. ஆனால் மருத்துவர்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்களுக்குரிய கட்டணமோ மிகுதி. எனவே எளிய மக்கள் நேரே அப்போதிக்கரியை நாடினர்.

இவ்வழக்கம் சட்டத்தின் முன் சோதிக்கப்பட்டது ரோஸ் வழக்கில்தான். வில்லியம் ரோஸ் என்னும் அப்போதிக்கரி, ஜான் சீல் என்னும் இறைச்சி வணிகருக்கு மருத்துவர் எவரையும் கலவாமல் சிகிச்சை அளித்தார். நோய் தீராத நிலையில், மருந்துக்கான தொகை ஏறத்தாழ 50 பவுண்டாக உயர்ந்ததைக் கண்ட சீல், மருத்துவர் கல்லூரியிடம் முறையிட்டார். கல்லூரி வழக்குத் தொடுத்து முதலில் வென்றது. எனினும், 1704இல் பிரபுக்கள் அவை அத்தீர்ப்பை மாற்றி ரோஸுக்கு ஆதரவாக முடிவு கூறியது.

இத்தீர்ப்பால் அப்போதிக்கரி நோயாளிக்கு ஆலோசனை கூறலாம் என்பது உறுதியாயிற்று. ஆனால், அவ்வாலோசனைக்குக் கட்டணம் பெற இயலாது. மருந்துக்கு மட்டுமே விலை பெறலாம். இதன் விளைவு எளிதில் உணரத்தக்கது. அறிவுக்கு ஊதியம் இல்லாதவிடத்து, அவ்வறிவுக்குரிய ஈடு மருந்தின் விலைக்குள் மறைகிறது. மருந்தின் அளவு பெருகுந்தோறும் வருவாயும் பெருகுகிறது. தேவைக்கு மேல் மருந்து வழங்கினர் என்று அப்போதிக்கரிகள் மீது கூறப்பட்ட குற்றச்சாட்டைத் தனிமனிதப் பேராசையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அவ்வூதிய முறையே அதற்கு இடமளித்தது.

1815ஆம் ஆண்டின் அப்போதிக்கரிகள் சட்டம் பயிற்சிக் காலத்தையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. சங்கத்தின் உரிமம் பெற்ற அப்போதிக்கரிகள் காலப்போக்கில் இன்றைய பொது மருத்துவர்களாக உருமாறினர். 1830ஆம் ஆண்டை ஒட்டிய நீதிமன்றத் தீர்ப்புகள், நோயாளியைப் பார்த்ததற்கும் அவர்கள் கட்டணம் பெறலாம் என்பதை ஏற்றன. அப்போதிக்கரி விட்டுச்சென்ற விற்பனை மேசையை, அச்சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்களிக்கப்பட்டிருந்த மருந்து வணிகர்கள் நிரப்பினர். ஆகவே, இன்றைய பொது மருத்துவரின் முன்னோர் மருந்து விற்றவரே என்பது இவ்வரலாற்றில் மறக்கப்பட்டுவிட்ட உண்மையாகும்.

தொழிலாக உயர்ந்த மருந்தாளுமை

மருந்து வணிகர்கள் தம்மைக் கல்விசார் தொழிலினராக அமைத்துக்கொள்ளும் முயற்சி 1841இல் மருந்தாளுநர் சங்கத்தின் தோற்றத்தோடு தொடங்கியது. இதில் ஜேக்கப் பெல் என்பவரின் பங்கு முதன்மையானது. 1843இல் சங்கம் அரசப் பட்டயம் பெற்றது. 1852ஆம் ஆண்டுச் சட்டம் மருந்தாளுநர்களின் பதிவேட்டை ஏற்படுத்தியது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் நச்சுப்பொருள் விற்பனையைப் பதிவு பெற்றவர்களுக்கு உரியதாக வரையறுத்தது. இதனால் மருந்தாளுநர் வெறும் வணிகர் அல்லர், பொதுமக்கள் பாதுகாப்பிற்குப் பொறுப்புடையவர் என்னும் கருத்து சட்ட வடிவம் பெற்றது.

எனினும், மருந்தை எழுதுவதும் வழங்குவதும் முற்றிலும் பிரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பொது மருத்துவர்கள் பலர் தாமே மருந்து கலந்து கொடுத்தனர். இந்நிலையை மாற்றியது 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டமாகும். லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த இச்சட்டத்தின்கீழ் 1913இல் மருத்துவப் பயன்கள் நடைமுறைக்கு வந்தபோது, காப்பீடு பெற்ற தொழிலாளர்க்கு மருத்துவர் சீட்டு எழுத, மருந்தாளுநர் மருந்து வழங்குவது பொதுவிதியாயிற்று. மருந்துக்கடை தொலைவில் உள்ள நாட்டுப்புறங்களில் மட்டும் மருத்துவரே மருந்து வழங்கும் விலக்கு தொடர்ந்தது. அது இன்றும் தொடர்கிறது.

1948 சூலை 5ஆம் நாள் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபோது இந்தப் பிரிவினை மக்கள் அனைவருக்கும் விரிந்தது. சீட்டுகளின் எண்ணிக்கை பன்மடங்கு பெருகியது. மருந்தாளுநர்க்கு, வழங்கும் மருந்தின் விலையோடு ஒவ்வோர் உருப்படிக்கும் ஒரு கட்டணம் அளிக்கப்பட்டது. இவ்வேற்பாடு மருந்துக்கடைகளுக்கு நிலையான வருவாயைத் தந்தது. ஆனால் மருந்தாளுநரைச் சீட்டின் எண்ணிக்கையோடு பிணைத்தும் விட்டது. ஒரு மருந்து வேண்டாம் என்று கூறும் மருந்தாளுநர்க்கு இம்முறையில் ஊதியம் இல்லை. 1704ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்போதிக்கரிக்கு ஏற்படுத்திய சிக்கல், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வேறு வடிவில் மருந்தாளுநரை வந்தடைந்தது.

அதே காலத்தில் மருந்தாளுநரின் கைத்திறனும் தேவையற்றதாகத் தொடங்கியது. கலவைகளையும் களிம்புகளையும் கடையிலேயே தயாரித்த நிலை மாறி, ஆலைகளில் செய்த மாத்திரைகள் பெட்டிகளில் வந்தன. மருந்தியல், வேதியியல், உடலியங்கியல் ஆகியவற்றைக் கற்றவர், எண்ணிக் கொடுப்பவராகவும் பெயர்ச்சீட்டு ஒட்டுபவராகவும் சுருங்கினார். கல்விக்கும் பணிக்கும் இடையே தோன்றிய இவ்விடைவெளியே பின்வந்த மாற்றங்களுக்கு உள்ளிருந்து எழுந்த தூண்டுதலாகும்.

மருத்துவமனைக் கூடங்களில் தோன்றிய புதுநெறி

புதுநெறி முதலில் தோன்றிய இடம் மருத்துவமனை. 1961ஆம் ஆண்டின் இறுதியில் தாலிடோமைடு திரும்பப் பெறப்பட்டதைத் தொடர்ந்து மருந்தின் பாதுகாப்பு பொதுவிவாதப் பொருளாயிற்று. பக்கவிளைவுகளை மருத்துவர்கள் அறிவிப்பதற்கான மஞ்சள் அட்டைத் திட்டம் 1964இலும், மருந்துகளுக்கான உரிம முறையை வகுத்த மருந்துகள் சட்டம் 1968இலும் வந்தன. வீரியமிக்க மருந்துகள் பெருகிய அப்பத்தாண்டில், மருந்தாளுநர்கள் கீழ்த்தளக் கிடங்கிலிருந்து நோயாளர் கூடங்களுக்குச் சென்று படுக்கையருகிலேயே மருந்துக் குறிப்பேட்டைப் பார்வையிடும் வழக்கம் பிரித்தானிய மருத்துவமனைகள் சிலவற்றில் உருவானது. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் 1966இல் தொடங்கிய ஒன்பதாம் தளத் திட்டமும் இத்தகையதே.

1970இல் வெளிவந்த நோயல் ஹால் குழுவின் அறிக்கை மருத்துவமனை மருந்தாளுமைப் பணிக்குப் புதிய கட்டமைப்பை வழங்கியது. 1986ஆம் ஆண்டின் நஃபீல்டு விசாரணை அறிக்கை, மருத்துவமனைக்கு வெளியிலும் மருந்தாளுநரின் அறிவு போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்று சுட்டிக்காட்டி, அவர்தம் பணியின் எல்லை விரிவடைய வழி வகுத்தது.

மருத்துவமனையில் இம்மாற்றம் எளிதாக நிகழ்ந்ததற்குக் காரணம் உண்டு. அங்கு மருந்தாளுநர் மாத ஊதியம் பெறுபவர்; மருந்தின் விற்பனையோடு அவர் வருவாய்க்குத் தொடர்பில்லை. நோயாளியின் குறிப்பேடும் ஆய்வக முடிவுகளும் அவர் கண்முன் உள்ளன. எழுதிய மருத்துவரோடு நேரில் பேசவும் இயலும். ஊதியம், பதிவேடு, அண்மை ஆகிய இம்மூன்றும் கடைத்தெரு மருந்தாளுநர்க்கு வாய்க்கவில்லை. பொது மருத்துவகத்தில் மருந்தாளுநர் இடம்பெற்ற வரலாறு இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கு வந்துசேர்ந்த வரலாறேயாகும்.

செலவுக் கணக்கிலிருந்து நோயாளி நலத்திற்கு

பொது மருத்துவகத்தின் கதவு மருந்தாளுநர்க்கு முதலில் திறந்தது பாதுகாப்பின் பொருட்டு அன்று, செலவின் பொருட்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1991 முதல் பொது மருத்துவகங்கள் சில தம் நிதியைத் தாமே கையாளும் உரிமை பெற்றன. ஏனையவற்றுக்கும் மருந்துச் செலவிற்கான வரம்பு குறிக்கப்பட்டது. எந்த மருத்துவர் எம்மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்னும் விவரங்களும் அக்காலத்தில் முறையாகக் கிடைக்கத் தொடங்கின. அவற்றைப் படித்து, விலை மிகுந்த மருந்திற்கு மாற்றாகப் பொதுப்பெயர் மருந்தைப் பரிந்துரைக்க மருந்தாளுநர்கள் அழைக்கப்பட்டனர்.

செலவைக் காண வந்தவர்களின் கண்ணில் வேறொன்றும் பட்டது. பொது மருத்துவத்தில் வழங்கப்படும் மருந்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தொடர் மருந்துச் சீட்டுகளின்வழி செல்பவை. ஒருமுறை மருத்துவர் தொடங்கிய மருந்து, கணினியின் உதவியால் மாதந்தோறும் அச்சாகிக் கையொப்பம் பெற்றுச் செல்கிறது. அது ஏன் தொடங்கப்பட்டது, இன்னும் தேவைப்படுகிறதா, சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்துவிட்ட முதியவர்க்கு அதே அளவு பொருந்துமா என்று கேட்பதற்கு அம்முறையில் இடமில்லை.

2001ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் ஸெர்மான்ஸ்கியும் பிறரும் வெளியிட்ட சமவாய்ப்புக் கட்டுப்பாட்டு ஆய்வு இவ்விடத்தைத் துல்லியமாகத் தொட்டது. தொடர் மருந்து பெற்றுவந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1188 நோயாளிகளை அவ்வாய்வு எடுத்துக்கொண்டது. மருத்துவகத்தில் அமர்ந்து பதிவேட்டைப் பார்த்து நோயாளியோடு உரையாடிய மருந்தாளுநர், வழக்கமான முறையைவிடக் கூடுதலான மருந்து மாற்றங்களுக்கு வழிவகுத்தார். மருந்துச் செலவின் உயர்வும் குறைந்தது. மருத்துவர்களின் பணிச்சுமையும் மிகவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த முதியோர் நலத்திற்கான தேசியச் சேவைக் கட்டமைப்பு, 75 வயதிற்கு மேற்பட்டோர் அனைவர்க்கும் ஆண்டுதோறும் மருந்துச் சீராய்வு வேண்டும் என வலியுறுத்தியது.

மருந்து எழுதும் உரிமையும் இக்காலத்தில் விரிந்தது. ஜூன் கிரவுன் தலைமையிலான குழுவின் 1999ஆம் ஆண்டு அறிக்கையைப் பின்பற்றி, மருத்துவரோடு உடன்பட்ட சிகிச்சைத் திட்டத்திற்கு உட்பட்டு மருந்து எழுதும் துணை உரிமை 2003இலும், தற்சார்பாக எழுதும் உரிமை 2006இலும், கூடுதல் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்க்கு வழங்கப்பட்டன. பிறர் எழுதியதைச் சரிபார்ப்பவர், தம் பெயரில் எழுதிப் பொறுப்பேற்பவராகவும் ஆனார்.

ஆய்வுகள் உணர்த்துவன

மருந்தால் விளையும் தீங்கின் அளவை 2004இல் வெளிவந்த பிர்மொகமது முதலானோரின் ஆய்வு வெளிப்படுத்தியது. மெர்சிசைடு பகுதியின் இரு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 18,820 நோயாளிகளுள் 1225 பேருக்கு, அதாவது 6.5 விழுக்காட்டினர்க்கு, மருந்தின் பாதக விளைவு இருந்தமை அதில் கண்டறியப்பட்டது. ஆஸ்பிரின், சிறுநீர்ப்பெருக்கிகள், வார்ஃபரின், வலிநீக்கிகள் போன்ற பழகிப்போன மருந்துகளே அவற்றுக்குப் பெரிதும் காரணமாக இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவை என்றும் அவ்வாய்வு கருதியது. அரிய மருந்துகளைவிட அன்றாட மருந்துகளே மிகுதியான நோயாளிகளை மருத்துவமனைக்கு அனுப்பின என்பது இதன் பொருள்.

2012ஆம் ஆண்டு பொது மருத்துவக் குழுமத்திற்காக நடத்தப்பட்ட ஆய்வு, 15 மருத்துவகங்களில் 6048 மருந்து உருப்படிகளைப் பரிசீலித்து, அவற்றுள் 4.9 விழுக்காட்டில் எழுதுதல் அல்லது கண்காணித்தல் சார்ந்த பிழை இருப்பதாகக் கண்டது. கடுமையான பிழைகள் ஏறத்தாழ 550 உருப்படிகளுக்கு ஒன்று. விழுக்காடு சிறிதாகத் தோன்றினும், நாடு முழுவதும் ஆண்டுதோறும் வழங்கப்படும் மருந்துகளின் பெருக்கத்தை நோக்க அது சிறிதன்று.

அதே ஆண்டில் லான்செட் இதழில் வெளிவந்த பின்சர் ஆய்வு தீர்வின் திசையைக் காட்டியது. 72 மருத்துவகங்கள் இரு பிரிவுகளாக்கப்பட்டன. ஒரு பிரிவிற்கு, இடருக்குள்ளான நோயாளிகளின் பட்டியல் கணினிவழி அளிக்கப்பட்டதோடு சரி. மற்றொரு பிரிவில் மருந்தாளுநர் ஒருவர் 12 வாரங்கள் மருத்துவர்களோடு இணைந்து பணியாற்றினார். இரைப்பைப் புண் இருந்தவர்க்குத் தக்க பாதுகாப்பு மருந்தின்றி வலிநீக்கி எழுதுதல், ஆஸ்துமா உள்ளவர்க்கு பீட்டா தடுப்பி எழுதுதல், முதியவர்க்கு உரிய இரத்தப் பரிசோதனையின்றி இரத்த அழுத்த மருந்துகளைத் தொடர்தல் ஆகிய மூவகைப் பிழைகளும் ஆறு மாத முடிவில் மருந்தாளுநர் இருந்த பிரிவில் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தன. பிழையைச் சுட்டிக்காட்டுவது மட்டும் போதாது. அதைத் திருத்தும்வரை உடனிருந்து செயலாற்ற ஒருவர் வேண்டும் என்பதே இதன் பாடம்.

ஆயினும் எல்லா ஆய்வுகளும் ஒரே திசையில் செல்லவில்லை. 2005இல் வெளிவந்த ஹோமர் ஆய்வு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 80 வயதிற்கு மேற்பட்ட 872 பேரை எடுத்துக்கொண்டது. மருந்தாளுநர் இல்லத்திற்கே சென்று மருந்துகளைச் சீராய்ந்த பிரிவினரிடம் மருத்துவமனைச் சேர்க்கை குறைவதற்கு மாறாக ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுந்தது. மருந்தாளுநரின் தலையீடு எவ்விடத்தும் நன்மையே தரும் என்னும் எளிய நம்பிக்கையை இம்முடிவு அசைத்தது.

ஸெர்மான்ஸ்கி, பின்சர் ஆய்வுகளையும் ஹோமர் ஆய்வையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. முன்னவற்றில் மருந்தாளுநர் மருத்துவகத்திற்குள் இருந்து, முழுப் பதிவேட்டைக் கண்டு, மருத்துவரோடு உடனுக்குடன் கலந்து முடிவெடுத்தார். பின்னதில் அவரது பணி மருத்துவகத்திற்கு வெளியே நிகழ்ந்தது. நோயாளிகளின் வயதும் நோயின் கடுமையும் வேறுபட்டமையால் இவ்வேறுபாட்டையே முழுக் காரணமாகக் கொள்ளல் ஆகாது. எனினும், மருந்தாளுநர் என்னும் தனிமனிதரைவிட அவர் அமர்த்தப்படும் அமைப்பே பயனைத் தீர்மானிக்கிறது என்னும் கருதுகோளுக்கு இது இடமளிக்கிறது.

2015க்குப் பின்

2015 மார்ச்சில் பொது மருத்துவர்களின் அரசக் கல்லூரியும் மருந்தாளுநர்களின் அரசச் சங்கமும் இணைந்து, மருத்துவகங்களில் மருந்தாளுநர்களை அமர்த்தும் முன்மொழிவை வெளியிட்டன. மருந்தை எழுதும் தொழிலும் வழங்கும் தொழிலும் ஒரே மேசையில் அமர்ந்த நிகழ்வாக இதனைக் கொள்ளலாம். அவ்வாண்டு சூலையில் இங்கிலாந்து தேசிய நலவாழ்வுச் சேவை முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. 490க்கு மேற்பட்ட மருந்தாளுநர்கள் அதில் பணியேற்றனர். 2016 ஏப்ரலில் வெளிவந்த பொது மருத்துவ முன்னோக்குத் திட்டம், மேலும் 1500 பேரை 2020க்குள் அமர்த்துவதற்கு 112 மில்லியன் பவுண்டு ஒதுக்கியது.

2019 சூலை முதல், ஏறத்தாழ 30,000 முதல் 50,000 வரையிலான மக்கள்தொகைக்கு ஒன்று எனப் பொது மருத்துவகங்கள் தொடக்கநிலை மருத்துவ வலையமைப்புகளாக ஒருங்கிணைக்கப்பட்டன. கூடுதல் பணியாளர்க்கான நிதித் திட்டம் மருந்தாளுநரின் ஊதியத்தில் 70 விழுக்காட்டை முதலில் ஏற்று, 2020 முதல் முழுமையாக ஏற்றது. ஸ்காட்லாந்தில் 2018ஆம் ஆண்டின் பொது மருத்துவ ஒப்பந்தம் மருந்துச் சிகிச்சைச் சேவையை மருத்துவகங்களுக்கு உரியதாக்கியது. மருந்து விற்பனையோடு தொடர்பற்ற ஊதியம் இவ்வாறு பொது மருத்துவகத்திலும் வந்துசேர்ந்தது.

இன்று சிகிச்சைசார் மருந்தாளுநர் ஆற்றும் பணிகள் நான்கு வகையின. மருத்துவமனையிலிருந்து திரும்பியவரின் விடுவிப்புக் குறிப்பையும் மருத்துவகப் பதிவேட்டையும் ஒப்பிட்டு முரண்களைக் களைதல் முதலாவது. மெதோட்ரெக்சேட்டு, லித்தியம், வார்ஃபரின் போன்ற இடர் மிகுந்த மருந்துகளுக்குரிய பரிசோதனைகள் காலந்தவறாமல் நடைபெறுவதை உறுதிசெய்தல் இரண்டாவது. பல மருந்துகளை உட்கொள்ளும் முதியவர்களோடு அமர்ந்து ஒவ்வொரு மருந்தின் தேவையையும் ஆராயும் கட்டமைந்த மருந்துச் சீராய்வு மூன்றாவது. இது 2020 அக்டோபரில் வலையமைப்புகளின் கடமையாக்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோய்களுக்குத் தாமே மருந்து எழுதித் தொடர்ந்து கவனித்தல் நான்காவது.

இவற்றுள் மூன்றாவதன் சிறப்பு 2021 செப்டம்பரில் தெளிவாயிற்று. கீத் ரிட்ஜ் தலைமையில் வெளிவந்த மிகைமருந்தளிப்பு குறித்த அறிக்கை, தொடக்கநிலை மருத்துவத்தில் வழங்கப்படும் மருந்துகளுள் குறைந்தது 10 விழுக்காடு வழங்கப்பட்டிருக்க வேண்டாதவை என மதிப்பிட்டது. மருந்தை நிறுத்துவதும் மருந்தாளுநரின் பணியே என்னும் நிலை இங்கு முழுமை பெறுகிறது. உருப்படிக்கு ஊதியம் பெறும் ஏற்பாட்டில் இது வேரூன்றியிருக்க இயலாது.

சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. மருந்தாளுநர்கள் மருத்துவகங்களுக்குச் சென்றதால் கடைத்தெரு மருந்தகங்களில் ஆட்பற்றாக்குறை நேர்ந்ததென்று அத்துறையினர் முறையிட்டனர். நீண்ட உரையாடலைக் கோரும் சீராய்விற்கென அமர்த்தப்பட்டவர், நாள்தோறும் குவியும் தொடர் சீட்டுகளைத் தீர்க்கும் பணியில் மூழ்கிவிடும் இடரும் உண்டு. பணியாளர் நிதித் திட்டத்தால் 2024 அக்டோபர் வரை மருத்துவரை அமர்த்த இயலாதிருந்தமை, மருந்தாளுநர் மருத்துவருக்குத் துணைவரா, மலிவான மாற்றா என்னும் ஐயத்தை எழுப்பியது. 2026 முதல் புதிதாகப் பதிவுபெறும் மருந்தாளுநர் அனைவரும் மருந்து எழுதும் உரிமையோடு வருவர் என்னும் விதி இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகிறது.

தமிழ்ச் சூழலோடு உள்ள தொடர்பு

இங்கிலாந்தின் அப்போதிக்கரி கடல் கடந்து தமிழகத்திற்கும் வந்தவர். 1835இல் தொடங்கப்பட்ட சென்னை மருத்துவப் பள்ளி, அப்போதிக்கரிகளையும் துணைப் பணியாளர்களையும் பயிற்றுவிக்கவே முதலில் ஏற்பட்டது. இலங்கையில் அப்போதிக்கரி என்னும் பதவி இருபதாம் நூற்றாண்டிலும் வழக்கில் இருந்தது. தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலம் நிலைத்த கம்பவுண்டர் என்னும் சொல், மருத்துவரின் அருகிலிருந்து மருந்து கலந்து கொடுத்தவரின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் மருந்தாளுமைச் சட்டம் அத்தொழிலை முறைப்படுத்தியது. நோயாளியை மையமாகக் கொண்ட ஃபார்ம் டி என்னும் ஆறாண்டுப் படிப்பு 2008இல் வகுக்கப்பட்டது. ஆனால் தனியார் மருத்துவர் தம் நோயாளிக்குத் தாமே மருந்து வழங்குவதற்கு இந்திய விதிகள் இன்றும் இடந்தருகின்றன. நோயாளிகள் பலர்க்கு ஒரே மருத்துவகத்தோடு பிணைந்த நிலையான பதிவேடும் இல்லை. எனவே, ஊதியம், பதிவேடு, அண்மை என்னும் மூன்று அடிப்படைகளுள் எவை இங்கு உள்ளன, எவை இல்லை என்று நோக்காமல் இங்கிலாந்தின் பணிப்பெயரை மட்டும் பெயர்த்து நடுவது பயன்தராது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் வருமாறு. முதலாவதாக, மருந்தை எழுதுபவரும் வழங்குபவரும் பிரிந்தமைக்கு அறிவுப் பிரிவினையைவிட ஊதிய ஏற்பாடுகளே பெருங்காரணம். இரண்டாவதாக, அப்பிரிவு விற்பனை நோக்கத்திலிருந்து மருத்துவரை விடுவித்ததாயினும், மருந்தறிவை நோயாளியின் பதிவேட்டிலிருந்து விலக்கியது. மூன்றாவதாக, சிகிச்சைசார் மருந்தாளுநர் அப்பிரிவின் நன்மையை இழக்காமல் அதன் குறையை நீக்க முயல்பவர். அவர் மருத்துவகத்தில் இருந்தும் மருந்து விற்பதில்லை. நான்காவதாக, அவரது பணி பயன்தருவது அவர் மருத்துவரோடு இணைந்து, போதிய காலம் பெற்று, பொறுப்போடு செயல்படும் அமைப்பில்தான் என்பதை ஆய்வுகளின் மாறுபட்ட முடிவுகள் கருதச் செய்கின்றன.

வாரத்திற்கு ஒன்றாக உட்கொள்ள வேண்டிய மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளும் முதியவரிடம், அதை ஏன் இவ்வாறு உட்கொள்கிறீர்கள் என்று கேட்பது பெருந்திறன் வேண்டும் செயலன்று. அதனைக் கேட்பதற்கு ஒருவருக்கு நேரமும் கடமையும் ஊதியமும் அளிப்பதற்கே மூன்று நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. மருந்தாளுநர் கல்வியையும் பணியமைப்பையும் திட்டமிடுவோர் கருத்திற்கொள்ள வேண்டிய வரலாற்றுச் செய்தி இதுவே.